மீனாம்பாள் சிக்காத கேமரா

மீனாம்பாளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வது என்று ஜெயராசா தீர்மானித்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித் தீர்மானிப்பது அவருக்கு வழக்கம்தான். ஒளித்துக் குடித்த பீடியானாலும் சரி, சொல்லாமல் வாங்கிய லொத்தர் சீட்டானாலும் சரி, அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி மீனாம்பாளிடம் போய்ச் சேர்ந்திருக்கும். தேயிலை பேக்டரியில் பெரிய பெரிய ரோலர்களையெல்லாம் அடக்கி ஓட்டி, பென்ஷன் வயதுக்கு வந்தவர். வீட்டில் அவரை அடக்க ஒரு பார்வை போதும். ஆனால் இந்தத் தடவை மாட்டிக்கொள்ளக் கூடாது. ஏனென்றால் மீனாம்பாள் சாகப்போகிறாள்.

பதுளை பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். புற்று ஈரலில் தொடங்கி வேறு இடங்களுக்கும் பரவிவிட்டது, வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். ஜெயராசா வெளியே வந்தார். வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த மீனாம்பாள் என்னவாம் என்று கேட்டாள். கேஸ்ட்ரிக் என்றார். சரி என்று எழுந்து சீலையை உதறிக்கொண்டு நடந்தாள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இவ்வளவு சுலபமாக அவர் தப்பியது அதுதான் முதல் தடவை. அதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட அவரால் முடியவில்லை.

அவர்கள் இருந்தது கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில். ஒரே மகன் ரஜீவ் கட்டாரில் வேலையில். பக்கத்துக் காம்பராவில் வதனி தனியாக இருந்தாள். அவள் புருஷன் குமாரசிங்கம் போன வருஷம் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது வீட்டில் உருப்படியாக அவர் படம் ஒன்றுகூட இல்லை. தோட்டத்தில் அப்படி ஆனால் வழி ஒன்றுதான். செத்தவரின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பண்டாரவளை ஸ்டூடியோவுக்கு ஓட வேண்டும். அதிலிருக்கும் நகம் அளவுப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பெட்டி கிளம்புவதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும். குமாரசிங்கம் சிரித்தால் லயத்துத் தகரமெல்லாம் அதிரும். சுவரில் தொங்குகிறவரோ எதையோ திருடிவிட்டுப் பிடிபட்டவர் மாதிரி விழிக்கிறார். தினமும் பூ வைக்கும்போது யாரோ தெரியாத ஆளுக்கு வைக்கிற மாதிரி இருக்கிறது என்று வதனியே ஒருநாள் சொல்லி அழுதாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஜெயராசா பழைய படங்கள் இருந்த பெட்டியைக் கிளறினார். கல்யாணப் படத்தில் மீனாம்பாளின் முகம் இருந்த இடத்தைப் பூஞ்சணம் தின்றிருந்தது. மற்றப் படங்களில் அவள் இருந்தாள், ஆனால் முழுசாக இல்லை. ஒரு சடங்கு வீட்டுப் படத்தில் முதுகு. ஒரு கல்யாண வீட்டுப் படத்தில் அண்டாவுக்குப் பின்னாலிருந்து நீளும் ஒரு கையும் அகப்பையும். ஊரில் எந்த விசேஷம் நடந்தாலும் அடுப்படியில் நின்றவள் அவள். படம் பிடிக்கிறவன் அடுப்படிக்கு எங்கே வரப்போகிறான்?

வதனி வீட்டுச் சுவரில் இருக்கிற மாதிரி ஒரு படத்துக்குத் தன்னால் பூ வைக்க முடியாது என்று ஜெயராசாவுக்குத் தெரிந்துபோயிற்று. மீனாம்பாள் மீனாம்பாளாகவே தெரிகிற ஒரு படம் வேண்டும். அதற்கு நல்ல கேமரா வேண்டும். எதற்கென்று மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது.

ஆகவே மறுநாள் தேநீர் குடிக்கும்போது, பொழுதைச் சும்மா கழிக்க முடியவில்லை, எல்ல ஊருக்குச் சுற்றிப்பார்க்க வரும் வெள்ளைக்காரர்களைப் படம் பிடித்துக் காசு பார்க்கப்போகிறேன், பேக்டரி விட்டு வந்தபோது கிடைத்த பணத்தில் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று அறிவித்தார். இரவு முழுக்க ஒத்திகை பார்த்த வசனம் அது.

"வெள்ளக்காரங்கிட்ட இல்லாத கேமராவா?" என்றாள் மீனாம்பாள்.

"அவன் படத்த அவனே எடுக்க முடியுமா?"

"எடுக்கத்தானே குச்சிய நீட்டிக்கிட்டுத் திரியிறான். சரி, ரஜீவ் குடுத்த போன் இருக்கே. அதுல எடுத்தா பத்தாதா?"

"போன்ல எடுத்தத பெருசாக்கினா ஒடஞ்சிரும் புள்ள."

"எதுக்குப் பெருசாக்கணும்?"

தேநீர் அவருக்கு மூக்கில் ஏறியது. இருமி முடித்து, வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் பெரிசாகத்தான் கேட்பான் என்று சமாளித்தார். மீனாம்பாள் சிந்திய தேநீரைத் துடைத்தாள். பிறகு, வாங்குவதாக இருந்தால் தானும் கூட வருவதாகச் சொன்னாள்.

பதுளைக் கடையில் ஆகில் என்ற இளைஞன் கேமராக்களை வரிசையாகக் கண்ணாடி மேல் எடுத்து வைத்தான். ஜெயராசாவின் கண் போனது நீளமான லென்ஸ் பூட்டிய புத்தம் புதிய ஒன்றின் மேல். தூரத்தில் ஒளிந்து நின்றே முகத்தைப் பிடித்துவிடலாம். மீனாம்பாள் துணி உலர்த்தும்போது பின் வரிசைக் கொய்யா மரத்தடியிலிருந்து ஒரு அமுக்கு அமுக்கினால் தீர்ந்தது வேலை. அதன் விலையைக் கேட்டதும் கொய்யா மரம் மறைந்துபோயிற்று. அதோடு, இந்த நீள லென்ஸுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும் அங்கிள், வீட்டுக்குள்ளே எடுத்தால் ஆடிப்போகும் என்று ஆகில் வேறு உண்மையைச் சொன்னான்.

மீனாம்பாள் முன்னால் வந்தாள். லயத்துக் காம்பராவில் ஒரு பல்ப் வெளிச்சத்தில் எடுத்தால் முகம் தெரிகிற மாதிரி எது என்று கேட்டாள். ஒரு பகல் முழுக்க எடுத்தாலும் பேட்டரி நிற்குமா என்று கேட்டாள். ஒரு குடும்பமே வரிசையாக நின்றால் அடங்குமா என்றாள். ஆகில் பழைய கேமரா ஒன்றை எடுத்தான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சாதாரண வகை, ஒரு பாடசாலை ஆசிரியர் பாவித்து விற்றது, அதிகம் அமுக்கப்படாதது. அதற்கு ஒரு குட்டை லென்ஸைப் பூட்டினான். இருட்டில் முகத்துக்கு இதை அடிக்க ஒன்றும் இல்லை ஆன்ட்டி, குடும்பத்தை எடுப்பதென்றால் நாலு எட்டு பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான் என்றான்.

வெள்ளைக்காரன் எந்த லயத்துக் காம்பராவுக்குள் வந்து நிற்கப்போகிறான் என்று ஜெயராசா யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பெண்டாட்டிக்குக் கேமராவைப் பற்றி என்ன தெரியும், வாய்க்கு வந்ததைக் கேட்கிறாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். வாங்கியது பழையதைத்தான்.

அதற்குப் பிறகு தொடங்கியது வேட்டை. அவள் அடுப்பு ஊதும்போது கேமராவைத் தூக்கினால், புகையில் எடுத்தால் கண்ணாடி கெட்டுப்போகும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் உட்கார்ந்திருக்கும்போது தூக்கினால், வதனியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்னால் நிறுத்தி, இவளை எடுங்க, இவளுக்கும் ஒரு படம் இல்லை என்றாள். வதனியைக் கும்பிடுகிற மாதிரி, சிரிக்கிற மாதிரி, தண்ணீர் பிடிக்கிற மாதிரி எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த நாள் வதனி தன் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்தாள். லயத்தில் ஆடு மாடு உட்பட எல்லாருடைய முகமும் கேமராவுக்குள் போய்ச் சேர்ந்தது, மீனாம்பாளைத் தவிர. கோயில் திருவிழாவில் அவள் தேருக்கு முன்னால் வந்து நின்றபோது ஜெயராசா கேமராவைத் தூக்கினார். அமுக்குகிற நேரத்தில் தேங்காய் பொறுக்கக் குனிந்துவிட்டாள். இரவில் அவள் வலியில் புரண்டு படுக்கும் சத்தத்தைக் கேட்டபடி அவர் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். பயமாக இருக்கும். நாள் போய்க்கொண்டிருந்தது.

ஒன்று மட்டும் நடந்தது. கை பழகிவிட்டது. கீழ்ப் பிரிவில் ஒரு சடங்குக்குக் கூப்பிட்டார்கள். போகமாட்டேன் என்றவரைச் சட்டையை மாட்டி அனுப்பினாள் மீனாம்பாள். வந்ததும் படம் எப்படி என்று கேட்கவில்லை. என்ன கறி, யார் பரிமாறினார்கள், வயிறு நிறையப் போட்டார்களா என்றுதான் விசாரித்தாள். பிறகு ஒரு கல்யாணம். பிறகு ஒரு புதுமனை புகுவிழா. எல்லாவற்றுக்கும் அதே விசாரணை. இவளுக்குச் சாப்பாட்டில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, டாக்டர் சொன்னதை நினைத்து, அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

மேல் லயத்தில் பழைய கங்காணி ஒருவர் இறந்தபோதும் ஆள் வந்தது. பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று எடுத்துக்கொள்கிற கடைசிப் படம். இதற்கு மட்டும் என்னால் முடியாது என்று ஜெயராசா கெஞ்சினார். அப்போது மீனாம்பாள் எழுந்து நடமாடுவதே சிரமமாகியிருந்தது. படுத்தபடியே சொன்னாள்: "போங்க. கல்யாணத்துக்கு வேற ஆளு கெடைப்பான். இதுக்கு யாரும் வரமாட்டாங்க."

போனார். பெட்டிக்குள் இருந்த முகத்தைக் கேமராவின் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தபோது அங்கே வேறொரு முகம் தெரிந்தது. எப்படி அமுக்கினார் என்று அவருக்கே தெரியாது. திரும்பி வந்து தலை முழுக வேண்டும். மீனாம்பாளை எழுப்ப மனமில்லாமல் தானே வெந்நீர் வைத்தார். தண்ணீர் ஊற்ற மறந்து கேத்தலை மட்டும் அடுப்பில் வைத்துவிட்டு நின்றார். கருகும் நாற்றத்தில் வதனி ஓடிவந்துதான் அதை இறக்கினாள். பச்சைத் தண்ணீரில் குளித்து நடுங்கிக்கொண்டு உள்ளே வந்தவரிடம், "சாப்புட்டீங்களா?" என்று கேட்டாள் மீனாம்பாள். சாவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள் என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலி வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவர் பார்த்ததில்லை.

அந்த வாரமே ஒரு காலையில், வதனியைத் துணைக்கு வைத்துக் குளித்து, கத்தரிப்பூ நிறச் சீலை கட்டி, பவுடர் பூசி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"கேமராவ எடுத்துக்கிட்டு வாங்க."

தன் தந்திரம் ஒருவழியாகப் பலித்துவிட்டது என்று ஜெயராசா நினைத்தார். என்ன திடீரென்று என்று கேட்டார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"இன்னும் நாள் போனா மொகம் வத்திரும். அப்பறம் பெருசாக்கினா நல்லாருக்காது."

கேஸ்ட்ரிக்குக்கு முகம் எப்படி வற்றும் என்று ஏதோ உளறினார்.

"அன்னைக்கி ஆஸ்பத்திரியில இருந்து வரும்போது பஸ்ல ஜன்னல் சீட்ட எனக்கு விட்டீங்க. பண்டாரவளையில எறங்கி ஆப்பிள் வாங்கிக் குடுத்தீங்க. கல்யாணம் பண்ணி இத்தன வருசத்துல எனக்கு ஒரு பேரிக்கா வாங்கிக் குடுத்திருப்பீங்களா? அந்த ஆப்பிளக் கடிக்கும்போதே தெரிஞ்சிருச்சு, நான் பொழைக்க மாட்டேன்னு."

ஜெயராசா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கேமரா மடியில் இருந்தது. சிறுபிள்ளை மாதிரி அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது. தெரிந்திருந்தால் முதல் நாளே உட்கார்ந்திருக்கலாமே, ஒரு படத்துக்காக என்னை ஏன் இப்படி அலையவைத்தாய் என்று கேட்டார்.

"மொத நாளே ஒக்காந்திருந்தா, அந்த ஒரு படத்த எடுத்துட்டு கேமராவப் பெட்டியில போட்டு மூடியிருப்பீங்க. ஒங்களுக்கு வெந்நி வெக்கத் தெரியுமா, சோறு வடிக்கத் தெரியுமா? நான் போனப்பறம் வதனி எத்தன நாளைக்கு ஆக்கிப் போடுவா? போட்டோக்காரனுக்கு எந்த வீட்டுலயும் எல போடுவாங்க. சாவு வீடுன்னாலும் கூப்புட்டுப் போடுவாங்க. அதுக்குத்தான் வாங்க விட்டேன்."

பதுளைக் கடையில் அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் அப்போதுதான் அவருக்கு விளங்கின. ஒற்றைப் பல்ப் வெளிச்சம், ஒரு பகல் முழுக்க நிற்கும் பேட்டரி, வரிசையாக நிற்கும் குடும்பம். அவருக்கு வேண்டிய கேமராவை அவர் வாங்கவே இல்லை. அவளுக்கு வேண்டியதைத்தான் வாங்கியிருந்தார். எழுந்து முகத்தைத் துடைத்தார். இரண்டு எட்டு பின்னால் போனார், குனிந்தார், நிமிர்ந்தார். கண்ணில் நீர் நிறைந்து எல்லாம் கலங்கித் தெரிந்தது. மீனாம்பாள் நேராக அவரைப் பார்த்துச் சிரித்தாள். அமுக்கினார்.

காட்டுங்கள் என்று அவள் கையை நீட்டினாள். கேமராவை வாங்கிப் பின்பக்கத்துத் திரையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஆடிப்போச்சு," என்றாள். "அழுகைய நிப்பாட்டிட்டு இன்னொன்னு எடுங்க. இப்புடி எடுத்தா எந்த வீட்டுல ஒங்களச் சோத்துக்குக் கூப்புடுவாங்க?"