பெரம்பலூர் டு அரியலூர்: ஆறே நிமிஷம்

பெரம்பலூர் விமான நிலையத்திலிருந்து அரியலூர் விமான நிலையத்துக்குப் பறந்துபோக எவ்வளவு நேரம் ஆகும் என்பது இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. இரண்டு ஊரிலும் விமான நிலையமே கிடையாது என்பதை அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

எழுபதுகளின் கடைசியில், நான் தினமும் அரியலூர் ஆபீசுக்குப் போன தனியார் பஸ்ஸின் கண்டக்டர் அவர். நாங்கள் வைத்த பேர் ஏரோப்ளேன். துபாயிலிருந்து லீவில் வந்த லப்பைக்குடிகாட்டு பாய் ஒருவரிடம் விமானத்தின் வேகத்தைக் கேட்டு, டிக்கெட்டின் முதுகில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருந்தார்.

"ஏற ரெண்டு நிமிஷம், பறக்க ரெண்டு, எறங்க ரெண்டு. ஆறே நிமிஷம் சார்!"

எங்கள் பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். ஆடு கைகாட்டினாலும் நிறுத்தி ஏற்ற வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏரோப்ளேன் அறிவிப்பார்.

"பிளேன்ல போயிருந்தா இந்நேரம் அரியலூர்ல எறங்கி, டிபன் சாப்ட்டு, வெத்தலையும் போட்டிருப்பீங்க."

எலெக்‌ஷன் வந்தால் அவருக்குத் திருவிழா. ஓட்டுக் கேட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற அத்தனை பேரிடமும், "ஊருக்கு ஒரு ஏர்போர்ட் வேணுங்க" என்பார். ஒருத்தர்கூட முடியாது என்று சொன்னதில்லை. "செஞ்சுடுவோம்ணே" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

"ரோடு கேளுங்களேன்யா, பள்ளத்துல விழுந்து விழுந்து இடுப்பு போச்சு" என்றேன் ஒருநாள்.

"ரோடு கேட்டாலும் செஞ்சுடுவோங்கிறான், ஏர்போர்ட் கேட்டாலும் செஞ்சுடுவோங்கிறான். ரெண்டும் வரப்போறதில்ல. பெருசாவே கேப்போமே சார்!"

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்போடு வயிற்றெரிச்சலும் வந்தது. அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லையே.

ஒருநாள் பேரளி தாண்டி, பிரசவ வலியில் துடித்த மனைவியை ஒருவன் கைத்தாங்கலாக ஏற்றினான். அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடுத்த நிறுத்தத்தில் வழக்கம்போல ஒரு கும்பல் கைகாட்டியது. ஏரோப்ளேன் இரட்டை விசில் கொடுத்தார்.

"டிரைவரண்ணே, எங்கயும் நிக்காதீங்க. இன்னிக்கு இது பிளேன்!"

"யோவ், என் ஸ்டாப்பிங் போவுதுய்யா!" என்று உள்ளே ஒரே கூச்சல்.

"பிளேன்ல நடுவுல எறங்க முடியாதுங்க. அரியலூர் போயிட்டுத் திரும்பி வாங்க."

பஸ் நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் அவருக்கும் டிரைவருக்கும் வேலை போயிற்று. முதலாளிக்கு வசூல் போன கோபம், அதைக்கூட மன்னிக்கலாம். ஸ்டாப்பிங்கைத் தாண்டிப் போய் இறங்கியவர்கள், வருஷக்கணக்கில் அவர் பேச்சுக்குச் சிரித்தவர்கள், திரண்டு போய்ப் புகார் சொல்லிவிட்டு வந்தார்கள். ரோட்டுக்காக ஒருநாளும் ஒன்று சேராத ஜனம் இதற்கு ஒன்று சேர்ந்தது. நன்றிகெட்ட ஜனம்.

சில நாள் கழித்து அந்தப் புருஷன் கல்கண்டுப் பொட்டலத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான்.

"ஆம்பளப் புள்ளைங்க. கண்டக்டர் பேரையே வைக்கணும்னு வூட்ல சொல்லுது. அவரு பேரு என்னங்க?"

எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. முதலாளியிடம் போய்க் கேட்டதற்கு, "அந்தப் பயலா?" என்று காறித் துப்பியதோடு சரி.

ஊரையெல்லாம் உட்காரவைத்துவிட்டு, ஆயுசு பூரா நின்றுகொண்டே பயணம் செய்த மனிதர். எங்கே போனாரோ, அங்கே அவருக்கு உட்கார ஒரு சீட் கிடைத்திருக்க வேண்டும்.