புறா வாங்கப் போனவன்

என்னை முட்டாள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. எழுபதுகளின் கடைசியில், சிங்கப்பூரின் பொங்கோலில், ஒரு புதன்கிழமை காலையோடு அந்த உரிமை போய்விட்டது.

அன்று மாமா (அம்மாவின் தம்பி, என்னை வளர்த்தவர்) காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பை கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. என் பெயரைச் சொல்லப் பார்த்தார், குழறல்தான் வந்தது. மணி எட்டு.

எனக்கு இருபத்திரண்டு வயது. முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்த மேதாவி. (ஆணி அடித்ததே மாமாதான்.) பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று கேளுங்கள், சொல்வேன். இதற்கு ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவாராம். வீட்டில் படுக்க வையுங்கள், நாளைக்கு வருவார் என்றார் தாதி. எங்கள் வட்டாரத்துக்காரன் நோயில் விழுவதற்கும் நாள் பார்க்க வேண்டும்! இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, அவர்களை விடுங்கள். நான் என்ன செய்தேன்? பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்சி பிடித்தேனா? வாதத்துக்குப் புறா ரத்தம் தேய்த்தால் வாய் நேராகும் என்று அத்தை சொன்னதும், தேக்கா சந்தைக்குப் பஸ் ஏறினேன்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டருக்குப் பயந்து புறாவைச் சட்டைக்குள் ஒளித்தேன். அது வயிற்றில் கொத்த, நான் பொத்தானைக் கழற்ற, ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது. அதற்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. இறங்கி, மறுபடி தேக்காவுக்குப் போய், இன்னொன்று வாங்கினேன்.

வீடு திரும்பியபோது மாமாவைப் பக்கத்து வீட்டு லாரிக்காரச் சீனர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நானும் தொற்றிக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் டாக்டரம்மா ஒருவர் கேட்டார்.

“எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?”

“எட்டு.”

“இப்ப ஒன்றரை. இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?”

“புறா வாங்கப் போயிருந்தேன், டாக்டர்.”

சட்டைக்குள் அது அசைந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, காலையிலேயே வந்திருந்தால் குறைக்கப் பார்த்திருக்கலாம் என்றார்.

மாமா பிழைத்தார். வலது கை வரவில்லை. பேச்சும் வரவில்லை.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது தாமதமாக வந்தால், “என்ன லா, புறா வாங்கப் போயிட்டியா?” என்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். மாமா இருந்தவரை அவரும் சிரித்தார், பாதி வாயால். அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நானே ஓங்கி அறைய வேண்டும் போலிருக்கும்.