வாடகை மோடத்தைத் திருப்பிக் கொடுத்த விவரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் பாப்பாவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உங்கள் அத்தையும் சுகமாகத்தான் இருக்கிறாள், நேற்றுவரை அதை என்னிடம் சொல்லத்தான் அவள் தயாராக இல்லை.

போன முறை வந்தபோது, செருப்பு அலமாரி மேல் கிடந்த மோடத்தைப் பார்த்து, "இத்தனை வருஷம் இதுக்குக் குடுத்த வாடகையில ஒரு டஜன் மோடம் வாங்கியிருக்கலாம் மாமா, சொந்தமா வாங்கிப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்று முதல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வீடுதான் வாடகை, மோடமாவது சொந்தமாக இருக்கட்டும் என்று கடைக்குக் கிளம்பினேன். கடைக்காரர் ரவுட்டரும் வேண்டும் என்றார். வெளியிலிருந்து வருவதை மோடம் வாங்கிக்கொள்ளுமாம், ரவுட்டர் அதை வீட்டில் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்குமாம். நான் சம்பளம் வாங்கி வந்து உங்கள் அத்தை கையில் கொடுத்த ஏற்பாடுதான் இது என்று சட்டென்று விளங்கியது, இரண்டையும் வாங்கிவிட்டேன்.

இங்கேதான் ஒரு சின்னப் பிசகு. புதியதை மாட்டிப் பார்ப்பதற்கு முன்பே பழையதை இன்டர்நெட் கம்பெனி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "புதுசு வேலை செய்யுதான்னு பார்த்துட்டீங்களா சார்?" என்று கேட்டாள். பெட்டியையே பிரிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், "பிரமாதமா செய்யுதும்மா" என்று சொல்லி ரசீது வாங்கி வந்தேன்.

வீட்டில் மாட்டினால் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. உங்கள் அத்தை கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் அவர்களுக்குப் பரீட்சை, பாடமோ பின்னம். செல்போன் சிக்னல் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதோடு சரி. "இன்னைக்குப் பார்த்தா இதை நோண்டணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிறகு லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்ச் சாரியில் இருக்கும் சலவைக் கடைக்குப் போய்விட்டாள். அங்கே வருகிறவர்களுக்கு வைஃபை இலவசம்.

நான் கம்பெனிக்குப் போன் போட்டேன். மோடத்துக்கு அடியில் உள்ள எண்ணைச் சொன்னால்தான் பதிவு செய்ய முடியும் என்றாள் போனை எடுத்த பெண். உத்தேசமாகப் படித்தேன்.

"சார், அப்படி ஒரு மோடமே கிடையாதுங்க."

"என் மடியில இருக்கேம்மா."

"எட்டுன்னு சொன்னீங்களே, அதோட முதுகு எப்படி இருக்குன்னு பாருங்க. நேரா இருந்தா அது 'பி' சார்."

எல்லா எட்டுக்கும் முதுகைத் தடவிப் பார்த்து மறுபடி சொன்னேன். பச்சை விளக்கு வந்தது. சொந்தப் பொருளாயிற்றே என்று ரவுட்டரை இரும்பு பீரோவுக்குள் துணிகளுக்கு நடுவே வைத்து, ஒயர் வர மட்டும் இடம் விட்டுக் கதவை ஒருக்களித்தேன். சிக்னல் காணாமல் போய்விட்டது. திரும்பவும் அதே பெண்.

"ரவுட்டர் எங்க சார் இருக்கு?"

"பத்திரமா இருக்கும்மா."

"பத்திரமான்னா?"

சொன்னேன். "வெளியில எடுத்து வைங்க சார், அது நகை இல்ல" என்றாள்.

எடுத்து வைத்ததும் வீடெல்லாம் இணையம். வெற்றிச் செய்தியோடு சலவைக் கடைக்கு ஓடினேன். உள்ளே உங்கள் அத்தை கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்திருக்கிறாள். கடைக்காரர் லேப்டாப்புக்கு எதிரே நின்று சாக்ஸ்களைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார். "பாதி மெஷின்ல சுத்துது, கால்வாசி கொடியில தொங்குது, மிச்சம் எவ்வளவு?" என்கிறாள் இவள். "எட்டுல ரெண்டு" என்றார் துணிக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர். "சரிதான் சார், ஆனா சுருக்கிச் சொல்லணும்" என்றாள். திரையில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே "கால்" என்று கத்தினார்கள். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடம் எடுக்கும்போது இவள் முகத்தில் இந்தக் களையை நான் பார்த்ததில்லை. நெட் வந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னேன். "இருங்க, இன்னும் ஒரு கூடை இருக்கு" என்றாள். அன்றைக்கு அவள் என்னிடம் பேசியதே எனக்குப் போதும்.

ஆக, உங்கள் யோசனையின் பலனாக, மோடம் வாடகை என்ற பேச்சு எங்கள் வீட்டில் இன்றோடு ஒழிந்தது. நீங்களும் பாப்பாவும் எல்லா நலனும் பெற்று நீடூழி வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் அத்தை வந்தாள். சலவைக் கடையிலிருந்து நடத்தினால்தான் படிப்போம் என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம். கடை வைஃபை அதற்குத் தாங்காதாம். அதனால் வகுப்புக்கென்று அங்கே தனி இணைப்புக்குச் சொல்லிவிட்டாள், என் பெயரில். மோடம் நாளைக்கு வருகிறது. வாடகைக்கு. அடுத்த முறை வரும்போது எங்கள் வீட்டுப் பொருள் எதையும் உற்றுப் பார்க்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.