அழுக்கு மூட்டையின் பாடகர்

காலை ஷிப்ட் தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மடிப்பு மேசைப் பெண்களின் செல்போனிலிருந்து அந்தப் பாட்டு மூன்றாம் முறையாகக் கேட்டது. சூப்பர்வைசர் காதில் விழாத மாதிரி ஈர விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடம் அது. பாட்டு பங்க் ராக். "ஒன்னுக்குப் போனாலும் மணி பாக்கிறவனே, உன் கடிகாரம் நாசமாப் போக" என்று தொண்டை கிழிய ஆரம்பித்து, முதலாளி வரைக்கும் திட்டிவிட்டு, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பாடியவர் சூப்பர்வைசர்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில் துணி சுமந்த நாலு பேர் சேர்ந்து, 'அழுக்கு மூட்டை' என்று பேர் வைத்து ஒரு கேசட் போட்டார்கள். வேலை போய்விடும் என்று அட்டையில் முகமும் போடவில்லை, பேரும் போடவில்லை. அவர்கள் நடத்திய ஒரே கச்சேரிக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்தவர்கள். பேண்டின் மற்ற மூவரும் திசைக்கொருவராகப் போனார்கள். இவர் சூப்பர்வைசராகி, யார் ஒன்றுக்குப் போனாலும் மணி பார்த்தார்.

இப்போது யாரோ கேசட்டை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். கிடார் தூக்கிய பையன்கள் எல்லாம் எங்கள் குரு அழுக்கு மூட்டைதான் என்றார்கள். இவருக்கோ பென்ஷனுக்கு இன்னும் பதினாலு மாதம் பாக்கி. விஷயம் வெளியே வந்தால் அதுவும் அம்பேல்.

முதலில் செல்போனைத் தடை செய்தார். பெண்கள் தள்ளுவண்டியைத் தட்டி வாயாலேயே பாடினார்கள். ராகமே இல்லாத கத்தல் என்று திட்டிப் பார்த்தார். ராகம் வீட்டில் இருக்கிறது, இங்கே கத்தல்தான் வேண்டும் என்றாள் மடிப்பு மேசை அக்கா.

பாட்டின் நடுவே எல்லாம் நின்று, நாலு தட்டு மௌனம் வரும். பெண்கள் எப்போதும் மூன்றிலேயே கத்திவிடுவார்கள். பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் சூப்பர்வைசரின் கை, சரியாக நாலு முடிந்ததும், வண்டியில் ஓங்கி அறைந்தது. பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"சார், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா.

"ஈ உக்காந்திருந்துச்சு."

அறைந்த சத்தம் மாடிக்குக் கேட்டு மேனேஜர் இறங்கி வந்தார். முதலாளியின் மருமகன், இவர் வயதுதான் இருக்கும். பெண்கள் மறுபடி தொடங்கியிருந்த பாட்டைக் கேட்டதும் முகம் கறுத்து, பாடியவன் யார் என்று விசாரித்தார். பேச்சை மாற்ற நினைத்த சூப்பர்வைசர், இங்கே வேலை பார்த்த எவனோ ஒருவனாம், செத்துப்போய்விட்டானாம் என்றார். யார் சொன்னது என்றார் மேனேஜர். சூப்பர்வைசரின் விரல் தானாக அக்காவைக் காட்டியது.

சாயங்காலத்துக்குள் பேர் வர வேண்டும், வராவிட்டால் நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு மேனேஜர் மாடியேறினார்.

அக்கா தலையணை உறையை நாலாக மடித்தாள். "நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா ஈ அடிச்ச கை எதுன்னு எனக்குத் தெரியும்."

மதியம் சூப்பர்வைசர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மூன்று மணிக்கு அவரும் மாடியேறினார்.

பாடியது நான்தான் என்றார். மேனேஜர் நம்பவில்லை. முதல் வரியைப் பாடிக் காட்டினார். மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது சார்."

அதன்பின் நடந்ததுதான் சூப்பர்வைசருக்குப் பிடிபடவில்லை. அக்காவின் வேலைக்கு ஆபத்தில்லை. இவருக்கு நாளையிலிருந்து பதினாலு மாதமும் சம்பளத்தோடு விடுப்பு, பிறகு முழுப் பென்ஷன். உயிருள்ளவரை யாரிடமும் வாய் திறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

படியிறங்கியபோது மேனேஜரின் டிரைவர் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு. வேலை போச்சா?"

வாக்குக் கொடுத்து இரண்டு நிமிடம் ஆகவில்லை; சூப்பர்வைசர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மனுஷன் தங்கம் என்று மேனேஜரைப் புகழவும் செய்தார்.

டிரைவர் துடைப்பதை நிறுத்தினான்.

"முதலாளி பொண்ணுக்கு, அந்தக் கேசட் வந்த காலத்துலேருந்தே அந்த பேண்டுன்னா உசுருண்ணே. பாடினவன் நான்தான்னு சொல்லித்தான் இவரு அவங்களையே கட்டிக்கிட்டாரு."