சண்டித்தனப் பயிற்சி

தன் திருமேனியில் பாதியை மனையாளுக்கு ஈந்துவிட்டு, அதன் பின்னும் முகம் கோணாமல் ஆடிக்கொண்டிருக்கிற பெருமானின் பாதமலரைத் தலைமேல் கொண்டு, மனையாள் ஒரு நாற்காலியில் அமர்வதற்கே மனம் பொறாத ஒரு கணவரின் கதையைச் சொல்லத் தொடங்குகிறோம்.

அவர் ஓர் அலுவலகத்தில் மனு வாங்கும் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர். எந்த மனு வந்தாலும் அதில் ஒரு குறை கண்டு திருப்பியனுப்புவார். அந்தக் கலையில் அவருக்கு நிகர் அவரே. அவருடைய மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பணிபுரிபவர். கறையைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த மருந்தென்று சொல்லுவார். ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் போதும், குரல் தொண்டையை விட்டு வெளியே வர மறுத்துவிடும்.

அந்த அம்மையாரைத்தான், சலவைக்கூடத்துக்கு மேற்பார்வையாளராகும்படி நிர்வாகம் அழைத்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

மேற்பார்வையாளர் என்றால் விடியுமுன் போய்க் கூடத்தைத் திறக்க வேண்டும். அப்படியானால் காலையில் தேநீர் போடுவது யார்? கணவரின் சிந்தை அடுப்பையே வலம் வந்தது. வாய்விட்டு “வேண்டாம்” என்று சொல்லவும் வழியில்லை. “பெண்கள் முன்னேற வேண்டும்” என்று தெருமுழுக்கப் பேசிப் பெயர் வாங்கியிருந்தார். ஆகவே ஓர் உபாயம் செய்தார்.

“தாராளமா ஏத்துக்கோம்மா. ஆனா ஆளுங்களை மேய்க்கிறது லேசுப்பட்ட காரியமில்ல. நான் உன்கிட்ட வேலை செய்யற ஆள் மாதிரி நடிக்கிறேன். என்னைச் சமாளிச்சுப் பாரு.”

“எனக்காக இவ்வளவு மெனக்கெடறீங்களே!” என்று அம்மையார் உருகிப்போனார்.

அன்று மாலையே வீட்டுக் கூடத்து நாற்காலிகள் சுவரோரம் ஒதுங்கின.

“அழுக்குத் துணியைப் பிரிச்சுப் போடுங்க...”

“காதுல விழல.”

“துணியை... பிரிச்சு...”

“அது என் வேலையில்ல.”

“அப்ப யாரோட வேலைங்க?”

“என்னைக் கேட்டா? நீதானே மேற்பார்வை!”

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். கணவர் மனநிறைவோடு உண்டு உறங்கினார். இன்னும் ஒரு மாலை இப்படிப் போனால் காரியம் முடிந்தது என்பது அவர் கணக்கு.

தமக்காக இவ்வளவு மெனக்கெடுகிறவரை ஏமாற்றக் கூடாதென்று மறுநாள் மாலை அம்மையார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

“கிளவுஸ் போட்டுட்டுத் துணியைத் தொடுங்க.”

“போட்டா கை வேர்க்குது.”

“வேர்த்தா கழுவிக்கலாம். துணிக்குள்ள ஊசி கிடந்து குத்துச்சுன்னா?”

மனு சன்னலில் இத்தனை ஆண்டுகளில் எவரும் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. கணவருக்குச் சுரீர் என்றது.

“இதுக்கு முன்னாடி இருந்த அம்மா இப்படியெல்லாம் படுத்தல!”

“அவங்க போயாச்சு. இப்ப நான் சொல்றேன்.”

“எனக்குத் தலை சுத்துது!”

“உக்காந்து தண்ணி குடிங்க. சுத்தினது நின்னதும் வந்து பிரிங்க.”

“எல்லாரையும் கூட்டிட்டு வேலைநிறுத்தம் பண்ணிடுவேன்!”

“பண்ணுங்க. வார்டுல நோயாளி வெறும் மெத்தையில படுத்திருப்பார். அவர்கிட்ட நீங்களே போய்க் காரணம் சொல்லுங்க.”

இந்த இடத்தில் அம்மனிதர் தோற்றதுபோல் விட்டுக்கொடுத்திருந்தால்கூடப் பிழைத்திருப்பார். ஆனால் தொழில்மானம் விடவில்லை. உபாயம் என்னவென்பதே மறந்துபோயிற்று. எப்படியாவது இவள் வாயை அடைக்க வேண்டும் என்ற ஒரே வெறி. அழுதார். தரையில் படுத்தார். மேலிடத்துக்கு எழுதிப்போடுவேன் என்றார். அம்மையார் குரலை உயர்த்தவேயில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு, “சரி, துணி?” என்று முடித்தார். கடைசியில் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டிலிருந்த போர்வை, உறை, துண்டு அத்தனையையும் வெள்ளை வேறு, வண்ணம் வேறாகப் பிரித்து அடுக்கினார்.

திங்களன்று அம்மையார் பொறுப்பை ஏற்றார். மாலையில் முகமெல்லாம் ஒளியாக வந்தார்.

“மெஷின் ஓட்டறவர் எல்லார் முன்னாடியும் என்னை எதிர்த்துப் பேசினாருங்க.”

“நீ அழுதியா?” கணவரின் குரலில் நம்பிக்கை துளிர்த்தது.

“சிரிப்பு வந்துடுச்சு. பாவம், உங்க பக்கத்துல நிக்கக்கூட அவருக்குத் தகுதியில்ல. பதில் சொன்னேன். போய் வேலையைப் பார்த்தார். நாளையிலேர்ந்து விடியறப்பவே கிளம்பணும். தேயிலை டப்பா மேல்தட்டுல இருக்கு.”

கணவர் மேல்தட்டை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு முடியுமுன் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மருத்துவமனைச் சமையற்கூடத்திலிருந்து ஒருத்தி, துப்புரவுப் பிரிவிலிருந்து ஒருத்தி, மருந்துக் கிடங்கிலிருந்து ஒருத்தி.

“அண்ணா, எங்களுக்கும் பொறுப்பு குடுக்கப்போறாங்க. நாலு பேர் முன்னாடி பேசவே பயமா இருக்கு. உங்களைச் சமாளிச்சுட்டா உலகத்தையே சமாளிச்சுடலாம்னு அக்கா சொன்னாங்க.”

கணவர் கொதித்தெழுந்தார். “என்ன விளையாட்டா இது? எனக்கு ஆயிரம் சோலி இருக்கு. எல்லாரும் கிளம்புங்க!”

மூவர் முகமும் மலர்ந்தது.

“அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டார் பாருடி! முதல்ல நான்தான்!” என்று கையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள் சமையற்கூடத்துக்காரி.

இக்கதைக்குச் செவி தந்தோர் இல்லங்களில் நன்மை தழைப்பதாக. சபை நடுவே பேச அஞ்சுகிற நாவிலெல்லாம் இறைவன் வந்து அமர்வானாக.