இன்னும் ஒரு வரிசை

கழிவறைக் கதவைத் திறந்தால் சமையல் மேடையின் இழுப்பறை திறக்கவில்லை. இழுப்பறையைத் திறந்தால் கழிவறைக்குள் இருப்பவர் வெளியே வர முடியவில்லை. அன்று உள்ளே மாட்டிக்கொண்டவன் எவரால்டோ.

"டோனா ஜுசாரா! இழுப்பறையைத் தள்ளுங்க! மூச்சு முட்டுது!"

"பொறுடா. எங்க இடிக்குதுன்னு பாத்துக்கறேன்."

ஜுசாரா ஒரு விமானத் தொழிற்சாலையில் பயணிகள் அறையை வடிவமைக்கும் பிரிவின் தலைவி. எவரால்டோ அவளுடைய உதவியாளன்; 'டோனா' என்பது அந்த ஊரில் 'அம்மா' என்பது போல மரியாதைச் சொல். எண்பது பேர் பயணம் செய்யும் புதிய ஜெட் விமானம் ஒன்றை எட்டொன்பது வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் முடியப்போகிற நேரத்தில் மேலிடத்திலிருந்து ஏதாவது ஒரு மாற்றம் வரும். இந்தத் தடவை வந்தது, 'இன்னும் ஒரு வரிசை இருக்கை.' அதற்கு இடம் விட்டதில்தான் கழிவறையும் சமையல் மேடையும் முட்டிக்கொண்டன.

உத்தரவு போட்டவர் புதுத் தலைவர் டாக்டர் அமில்கார். கழுத்தில் டை கட்டிய எல்லோரும் அங்கே டாக்டர்தான். இவர் சூப்பர் மார்க்கெட் நடத்தியவர். இவருக்கு முன்னால் இருந்தவர் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டில் காற்றை அடைத்து விற்றுப் பேர் வாங்கியவர். அவருக்கும் முன்னால் இருந்தவர் ஒரு கால்பந்து கிளப்பைக் கவிழ்த்துவிட்டு வந்தவர்.

ஜுசாரா தலையை உடைத்துக்கொண்டு ஒரு மடக்குக் கதவு செய்தாள். கதவும் திறந்தது, இழுப்பறையும் திறந்தது. நேராகத் தலைவர் அறைக்குப் போனாள்.

"முடிஞ்சுது டாக்டர். இனி பறக்க விட வேண்டியதுதான்."

அமில்காருக்குக் காபி புரையேறியது. "முடிஞ்சுதா? அதுக்குள்ளயா?"

"எட்டொன்பது வருஷம் உங்களுக்கு 'அதுக்குள்ள'வா?"

"அதில்லம்மா... இந்த விமானி அறை இருக்கே, எவ்வளவு பெரிய ஜன்னல்! அங்க ரெண்டு சீட்டு போட்டா நல்ல விலைக்கு விக்கலாமே?"

"அப்போ விமானி எங்க உக்காருவார்?"

"அதை யோசிக்கத்தானே நீங்க இருக்கீங்க!"

இரண்டு நாள் அவள் சட்டப் புத்தகங்களைப் புரட்டினாள். விமானியை வெளியேற்ற முடியாது என்று சட்டத்தைக் காட்டி ஒருவழியாக அதைத் தள்ளிப் போட்டாள். அதற்குள் வேறொன்று முளைத்தது. மடக்குக் கதவின் கனத்தால் வால் பக்கம் இறங்கிவிட்டது. மின்கலங்களை மூக்குப் பக்கம் நகர்த்தினாள். மூக்கு இறங்கியது. மூக்கைத் தூக்க விமானிகளின் சாப்பாட்டு அலமாரியை எடுத்துவிட்டாள். விமானிகள் சங்கம் வாசலில் பதாகையோடு வந்து நின்றது.

"இதெல்லாம் நிர்வாகக் கோளாறு," என்றார் அமில்கார். "ஆலோசகர்களைக் கூப்பிடறேன்."

சாவோ பாவ்லோ பெருநகரத்திலிருந்து பளபளக்கும் காலணிகளோடு மூன்று பேர் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குக் கொடுத்த கூலியில் தொழிற்சாலைக்கே புதுக் கூரை போட்டிருக்கலாம்.

"இந்தக் கழிவறையைப் பத்தி உங்க மனசுல என்ன தோணுது?" என்று அவர்களில் ஒருவன் ஜுசாராவைக் கேட்டான்.

"உங்களை உள்ள போட்டுப் பூட்டணும்னு தோணுது."

அவன் அதையும் பயபக்தியோடு எழுதிக்கொண்டான். கடைசியில் அவர்கள் சொன்ன தீர்வு, கழிவறையே வேண்டாம் என்பது. 'பயணிகள் கிளம்பும்போதே போய்விட்டு வரலாம்.'

"பிரமாதம்!" என்றார் அமில்கார். "அந்த இடத்துல இன்னும் ஒரு வரிசை போடுங்க."

அந்த வரிசைக்கு ஜன்னல் இல்லை.

"வரைஞ்சுடலாமா டோனா?" என்றான் எவரால்டோ. "வெளிய ஒரு மேகம், ரெண்டு கொக்கு..."

"வாயை மூடு. நீ சொன்னது அவர் காதுல விழுந்தா வரையச் சொல்லிடுவார்."

அதற்குள் கிறிஸ்துமஸ் வந்தது. வருஷ முடிவில் எல்லாத் தொழிலாளிக்கும் வர வேண்டிய பதிமூன்றாம் மாதச் சம்பளம் வரவில்லை. கான்டீனில் கறுப்பு பீன்ஸ் குழம்புக்குள் பீன்ஸைத் தேட வேண்டியிருந்தது. சக்கரம் கொடுக்கும் கம்பெனிக்காரன் பாக்கிக்காக வந்து சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். எவரால்டோவின் மனைவிக்கு அது நிறைமாதம். அவன் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, பசிக்கவில்லை என்று பொய் சொன்னான். அது ஜுசாராவுக்குத் தெரிந்தது.

அன்று மாலையே அடுத்த உத்தரவு வந்தது. 'விமானத்தின் மூக்கு சற்று நீளமாக இருந்தால் அழகாக இருக்குமென்று தலைவருக்குத் தோன்றுகிறது.'

ஜுசாரா நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தாள்.

"மூக்காம் மூக்கு! இவர் மூக்கை நீட்டி நீட்டித்தான் இந்தக் கதி! இங்க ஆயிரம் குடும்பம் வயித்துல ஈரத்துணியைக் கட்டிக்கிட்டுக் கிடக்கு. இந்த விமானம் ஒரு தடவை பறந்துட்டாப் போதும். வாங்கறவன் வரிசையில வந்து நிப்பான். அது ஏன் இந்த மர மண்டைகளுக்குப் புரிய மாட்டேங்குது?"

சோதனை விமானி ஒட்டாசிலியோ அங்கேதான் இருந்தார்.

"கேப்டன், முதல் வரைபடத்துல இருந்த மாதிரியே திரும்பச் செஞ்சு நிறுத்தினா ஓட்டுவீங்களா?"

"அந்த வரைபடத்துக்கு அரசாங்க அனுமதி இன்னும் செல்லும். தாராளமா ஓட்டுவேன். ஆனா தலைவர்?"

"வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போறார். திரும்பி வரும்போது வானத்துல பாத்துக்கட்டும்."

அமில்கார் கிளம்பியதும் தொழிற்சாலை பொங்கி எழுந்தது. கூடுதல் வரிசைகளைப் பிடுங்கிப் போட்டார்கள். கழிவறை வந்தது, பழைய கதவு வந்தது, மின்கலங்கள் பழைய இடத்துக்குப் போயின, அலமாரியும் வந்தது. கூலி என்று யாரும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு கோபம் இருந்தது எல்லோருக்கும். சக்கரக்காரன்கூட நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு ஒரு ஸ்பானரைக் கையில் எடுத்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை விமானம் ஓடுபாதையில் ஓடியது. மூக்கைத் தூக்கியது. எழும்பிவிட்டது.

தொழிற்சாலைக் கூரைமேல் நின்றவர்கள் கத்திய கத்தலில் ஊரே வெளியே வந்தது. எவரால்டோ அழுதான். பள்ளத்தாக்கை ஒரு வட்டமடித்து ஒட்டாசிலியோ பூப்போல இறக்கினார். ஜுசாராவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஊர் வானொலிக்காரன் ஒலிவாங்கியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

அப்போதுதான் அமில்கார் கையில் பெட்டியோடு ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரைக் கேட்டுப் பறக்க விட்டீங்க?"

ஜுசாரா தோளிலிருந்து இறங்கினாள். இத்தனை வருஷமாக அடக்கி வைத்தது அத்தனையும் வெளியே வந்தது.

"யாரைக் கேக்கணும்? சீட்டு மேல சீட்டு போட்டவரையா? கக்கூஸைக் களவாடினவரையா? நாங்க விமானம் செய்யறவங்க டாக்டர்! நீங்க மூணு தலைவர்களும் மாறி மாறி வந்து கெடுத்தீங்க. நாங்க செஞ்சு காட்டிட்டோம். வெக்கம்னு ஒண்ணு இருந்தா வெக்கப்படுங்க!"

கைதட்டல் காதைப் பிளந்தது. அமில்கார் பெட்டியைக் கீழே வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்து, தலையில் கையை வைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று ஜுசாராவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் பெரிய பூங்கொத்தோடு வந்தார். வங்கியிலிருந்து வருவதாகச் சொன்னார். வானொலியில் கேட்ட உடனே கிளம்பினாராம். பூங்கொத்தை ஜுசாராவின் கையில் கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"விமானம் முதல்ல பறக்கற அன்னிக்குத்தான் எங்க வங்கியில வாங்கின கடனைத் திருப்பிக் கட்ட ஆரம்பிக்கணும்னு ஒப்பந்தம் டோனா, இத்தனை வருஷமா மூணு தலைவருங்களும் அதைத் தரையை விட்டுக் கிளம்பவே விடாம எங்களை அலைக்கழிச்சாங்க, நல்ல வேளையா நீங்க பொறந்தீங்க!"