வாடாத நீலப்பூ

மதாம் ஜெர்மேனின் பன்னிரண்டு விதைகளுக்கு விலையே கிடையாது. அவருடைய பாட்டி பிரான்சில் வளர்த்த ப்ளூவே பூவின் வம்சம். ஆனாலும் குமாஸ்தா இக்னாஸ் மனசுக்குள் ஒரு விலை போட்டிருந்தார்: மார்செய் கப்பலில் இரண்டு இடம். தனக்கொன்று, மனைவி அந்துவானேத்துக்கு ஒன்று.

வருஷம் 1955. பிரெஞ்சுக்காரர்கள் சைகோனில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இக்னாஸைப் போன்ற பாண்டிச்சேரி ஆட்களில் யார் யார் கப்பலேறுவது என்ற பட்டியல், ஜெர்மேனின் கணவர் முசியே ஜூலின் மேஜையில் இருந்தது. நவம்பர் பதினொன்றில், போரில் செத்தவர்கள் நினைவாக, அவர் கோட்டில் அந்த நீலப்பூ இருக்க வேண்டும்.

"எங்க கொல்லையில எது போட்டாலும் முளைக்கும், மதாம்!" என்று விதையை வாங்கிவந்தார் இக்னாஸ்.

முளைத்தது. விரல் உயரம் வந்ததும் வெயிலில் துவண்டது.

"குளிர்நாட்டுச் செடி, புழுங்குது பாரு" என்று தினமும் ஐஸ் கட்டி வாங்கிச் சுற்றி அடுக்கினார். ஐஸ் உருகி, வேர் அழுகி, ஒரே வாரத்தில் பன்னிரண்டும் போய்விட்டன.

"போய் உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் அந்துவானேத்.

போனார். "செடி எப்படி இருக்கு?" என்று ஜெர்மேன் கேட்டதும், "மொட்டு விட்டிருக்கு, மதாம்" என்று வாய் சொல்லிவிட்டது.

"அப்படியா! அப்போ விழாவுக்கு வர்ற பதினொரு பேருக்கும் பூ வேணும்!"

இக்னாஸ் சைகோனின் பென்-தான் சந்தைக்கு ஓடினார். காரைக்கால் துணிக்கடைக்காரர் கிதிர் முகம்மது ஒரு நீலப் பட்டுத்துணியை உதறிப் போட்டார்.

"மாதா சுரூபத்துக்கு முக்காடு வெட்டின மிச்சம். பூ செஞ்சா வண்டே ஏமாந்துடும்."

"சாயம் போகுமா, பாய்?"

"நனைஞ்சாத்தானே போகும்? நனைக்காதீங்க, முசியே!"

விழாவன்று வானம் கறுத்தது. பதினொரு வெள்ளைக் கோட்டிலும் இக்னாஸே தன் கையால் பட்டுப்பூவைக் குத்தினார். பிறகு ஒற்றைக் குடையோடு ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குத் தாவிக்கொண்டிருந்தார்.

"மழையே இல்லையே, இக்னாஸ்?" என்றார் ஜூல்.

"வெயிலுக்கு, முசியே."

"வெயிலும் இல்லையே?"

"எது முதல்ல வந்தாலும் நமக்கு நல்லதில்லை, முசியே."

ஒரு சொட்டும் விழவில்லை. விழா முடிந்த கையோடு, "விதைக்கு வேணும்" என்று பதினொன்றையும் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஜெர்மேனின் கண் கலங்கியது. அன்றுதான் இக்னாஸ் ஒரு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் பியூன் அழகப்பன் ஓடிவந்தான்.

"ஐயா, பட்டியல் வந்துடுச்சு!"

"என் பேரு?"

"போன மாசமே முதல் பேரா எழுதியிருந்தாங்க. நேத்து மதாம்தான் அதை அடிச்சுடச் சொன்னாங்க. 'நாள் முழுக்க வாடாத ப்ளூவே வளர்க்கிற கையைக் கப்பல்ல அனுப்புறதா?'ன்னு ஒரே பிடிவாதம். பட்டாளத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு இனி நீங்கதானாம், ஐயா. கல்லறை நானூத்திப் பன்னிரண்டு. உங்ககிட்ட இருக்கிற பூ பதினொண்ணு. பாக்கி நானூத்தி ஒண்ணு."